எட்டு விளக்கும் எரிந்தால் பாஸா? நெட்வொர்க் டெக்னீஷியன் வகுப்புக்குப் புதிதாக வரும் பயிற்றுநர்களுக்கு

ஐடிஐயில் பாடம் எடுக்க வந்த முதல் வருடம். கிரிம்பிங் தேர்வு, அதாவது கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் தேர்வு வைத்தேன். ஆளுக்கு ஒரு கேபிள், இரண்டு கனெக்டர். முடித்தவர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள், நான் கேபிளை டெஸ்டரில் செருகுவேன். ஒன்று முதல் எட்டு வரை விளக்கு இரண்டு பக்கமும் வரிசையாக எரிந்தால் முழு மதிப்பெண். 24 பேருக்கும் அரை மணி நேரத்தில் போட்டு முடித்துவிட்டேன். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கேபிள்களில் நீளமான ஒன்றை வீணாக்குவானேன் என்று லேபிலிருந்து பக்கத்து அறைக்கு இழுத்தோம். லிங்க் வரும், போகும். ஃபைல் காப்பி போட்டால் நகரவே நகராது. இரண்டு நாள், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பையன் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக அடுக்கி வைத்திருக்கிறான். இரண்டு முனையிலும் அதே வரிசை. கனெக்டரின் எட்டுத் தொடுமுனைகளில் (பின்) ஒவ்வொன்றும் எதிர்முனையில் அதே எண் பின்னுக்குப் போவதால் டெஸ்டர் எட்டு விளக்கையும் எரித்துவிட்டது. ஆனால் மூன்றாவது பின்னும் ஆறாவது பின்னும் ஒரே முறுக்கு ஜோடியில் இருக்க வேண்டும். அவன் அடுக்கியதில் மூன்று பச்சையில், ஆறு நீலத்தில். முறுக்கினால் வரும் பலனே போய், ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கசியும். சின்னக் கேபிளில் தெரியாமல் ஓடிவிடும். நீளம் கூடினால் மாட்டிக்கொள்ளும்.

அவனுக்கு நான் போட்டது பத்துக்குப் பத்து. விளக்கு எரிகிறதா என்று பார்த்தேனே தவிர, ஜோடி என்றால் என்ன என்று அவனுக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. மாணவன் கற்றதை அளப்பது பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

இந்தக் கட்டுரை கணினி வன்பொருள் மற்றும் நெட்வொர்க் பராமரிப்பு என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவை மனதில் வைத்து எழுதியது. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வருகிற பிள்ளைகள். வருடக் கடைசியில் அகில இந்தியத் தொழில் தேர்வு, அதற்கு முன்னால் வருடம் முழுக்க நாம் போடும் அகமதிப்பீடு. செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் குறைந்தது 60 சதவீதம், மற்ற பாடங்களுக்கு 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பாலிடெக்னிக்கிலோ தனியார் பயிற்சி மையத்திலோ இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை: கண்ணால் பார்க்கிற மாதிரி எழுதுங்கள்

பாடத்திட்டப் புத்தகத்தில் கற்றல் விளைவுகள் என்று ஒரு பட்டியல் இருக்கும், அவற்றுக்கான மதிப்பீட்டு அளவுகோல்களும் இருக்கும். அதை அப்படியே ரெஜிஸ்டரில் எழுதி வைத்துக்கொண்டால் உங்களுக்கும் உதவாது, மாணவருக்கும் உதவாது. உட்கார்ந்து உடையுங்கள். "நெட்வொர்க் அமைக்கத் தெரிந்திருப்பார்" என்று எழுதினால், தெரிந்திருக்கிறதா என்பதை எங்கே போய்ப் பார்ப்பது? அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒரு சுவிட்ச், நான்கு கணினி, ஒரு பிரிண்டர் கொடுத்தால், முகவரித் திட்டத்தைத் தாளில் போட்டு, 45 நிமிடத்துக்குள் ஐந்தையும் இணைத்து, எல்லாவற்றிலிருந்தும் பிரிண்டருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போவதைக் காட்டுவார்." கையில் என்ன கொடுக்கிறோம், என்ன செய்ய வேண்டும், எந்த அளவுக்குச் செய்தால் சரி என்ற மூன்றும் அந்த ஒரு வரிக்குள் வந்துவிட வேண்டும்.

அப்புறம், நாற்பது வரி எழுதாதீர்கள். நான் முதலில் 38 எழுதினேன். அக்டோபரிலேயே மூச்சு வாங்கியது. இப்போது என்னிடம் இருப்பது ஒன்பதுதான்: கேபிள், ஐஓ பாக்ஸும் (சுவரில் கேபிள் செருகும் பெட்டி) பேட்ச் பேனலும் (கேபிள்கள் வந்து சேரும் பலகை), முகவரித் திட்டம், சுவிட்ச், ரவுட்டர், வைஃபை, பகிர்வும் பயனர் உரிமைகளும், பழுது கண்டுபிடித்தல், வேலைப் பதிவு. மற்றதெல்லாம் இவற்றுக்குள் அடங்கும்.

எதை எதால் அளப்பது

இது நேரான விஷயம், ஆனாலும் பலர் இடறுவது இங்கேதான். கிரிம்பிங்கின் படிகளை வரிசைப்படுத்தி எழுதச் சொல்லி ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்பார்கள். எழுதத் தெரிந்தவன் எழுதிவிடுவான், கையில் டூலைக் கொடுத்தால் விரலை நசுக்கிக்கொள்வான். கையால் செய்வதைக் கையால் செய்யச் சொல்லிப் பாருங்கள். கணக்கைத் தாளில் பாருங்கள். காரணத்தை வாயால் கேளுங்கள். போர்ட் எண்கள், கேபிளின் அதிகபட்ச நீளம் போன்ற மனப்பாட விஷயங்களுக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் போதும்.

கேபிள் தேர்வை இப்போது எப்படி நடத்துகிறேன்

டெஸ்டரைத் தூக்கிப் போடவில்லை. அதற்கு இரண்டு மதிப்பெண் மட்டும். மீதியை என் கண் பார்க்கும். கனெக்டரின் பிடிக்குள் வெளி உறை நுழைந்திருக்கிறதா, அல்லது கம்பி மட்டும் தொங்குகிறதா? முறுக்கைப் பிரித்தது 13 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா? வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசை இருக்கிறதா? எத்தனை கனெக்டரை வீணாக்கினார்? வெட்டிய துண்டுகளைக் கடைசியில் பொறுக்கினாரா? இந்தக் கடைசி இரண்டும் நானாகச் சேர்த்தவை அல்ல. வீணாக்குவதைக் குறைப்பதையும் கழிவை முறையாக அகற்றுவதையும் மதிப்பீட்டில் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது.

பாடத்திட்டத்தில் மூன்று படிநிலைகள் கொடுத்திருக்கிறார்கள். அவ்வப்போது வழிகாட்டினால் ஏற்கத்தக்க தரத்தில் செய்பவருக்கு 60 முதல் 75 சதவீதம். கொஞ்சம் வழிகாட்டினால் நல்ல தரத்தில் செய்பவருக்கு 75 முதல் 90. உதவியே இல்லாமலோ, மிகக் குறைந்த உதவியிலோ உயர்ந்த தரத்தில் செய்பவருக்கு 90க்கு மேல். புதிதாக வருபவர்கள் இதைப் படித்துவிட்டு, எல்லாம் பொத்தாம் பொதுவாக இருக்கிறதே என்பார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி. காரணம், அளவுகோல் நாம் செய்த உதவியில் இருக்கிறது. எனவே நான் ஒவ்வொரு மாணவர் பெயருக்கு எதிரிலும் எத்தனை தடவை வாய் திறந்தேன் என்று ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். "பாத்து" என்று சொன்னால்கூட ஒரு கோடு. நான்கு கோடு விழுந்தவருக்கு 92 போட முடியாது. இந்தக் கோடுகளால் எனக்கு வந்த இன்னொரு லாபம், தேர்வு நேரத்தில் நான் எவ்வளவு பேசுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

கேபிளைக் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி: "நீலத்தையும் பச்சையையும் ஏன் மாத்தி மாத்தி வெச்சே?" படம் அப்படி இருக்கிறது என்று சொல்பவர் ஒரு ரகம். மூன்றும் ஆறும் ஜோடி சார் என்று சொல்பவர் இன்னொரு ரகம். இருவருடைய கேபிளும் டெஸ்டரில் ஒரே மாதிரிதான் எரியும்.

தவறான விடையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சப்நெட் கணக்கில், அதாவது முகவரிகளைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் கணக்கில், சரி, தவறு என்று மட்டும் போட்டு நகர்ந்துவிடாதீர்கள். என் கேள்வி எப்போதும் இந்த மாதிரி இருக்கும்: 192.168.10.77/26 என்ற முகவரி எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது, அதன் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் முகவரி) எது, கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியவை எவை? /26 என்றால் 64 முகவரிகள் கொண்ட தொகுதி. எனவே நெட்வொர்க் 192.168.10.64, பிராட்காஸ்ட் 127, கொடுக்கக்கூடியவை 65 முதல் 126 வரை, மொத்தம் 62.

நெட்வொர்க் 0, பிராட்காஸ்ட் 255 என்று எழுதியவருக்கு /26 கண்ணிலேயே படவில்லை. எதைக் கொடுத்தாலும் /24 (256 முகவரித் தொகுதி) என்றே நினைக்கிறார். நெட்வொர்க் 65 என்று எழுதியவர் கணக்கைப் போட்டுவிட்டார், நெட்வொர்க் முகவரியையும் முதல் கணினி முகவரியையும் குழப்பிக்கொண்டார். பிராட்காஸ்ட் 128 என்றவர் அடுத்த நெட்வொர்க்கின் வாசலில் போய் நிற்கிறார். மூவருக்கும் பூஜ்யம்தான், ஆனால் மூவருக்கும் வேறு வேறு மருந்து. முதலாமவரை மாஸ்க் (அந்த /26 குறிப்பது) என்றால் என்ன என்ற இடத்துக்கே திரும்ப அழைத்துப் போக வேண்டும். மற்ற இருவருக்கும் பத்து நிமிடம் போதும்.

அதனால் விடைத்தாள் திருத்தும்போது தவறான விடைகளையும் எண்ணுங்கள். ஒரு வருடம் 24 பேரில் 15 பேர் 0, 255 என்றே எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரித் தவறை 15 பேர் செய்தால் அது பிள்ளைகளின் தவறு அல்ல, நான் மூன்று வாரம் /24 உதாரணமே கொடுத்துப் பழக்கியதன் விளைவு. இப்போது முதல் நாளே /24உம் /26உம் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

பழுது தேர்வு

நேரம் முழுவதையும் ஒரே தேர்வுக்குத்தான் செலவிட முடியும் என்றால், நான் இதைத்தான் வைப்பேன். ஒரு நெட்வொர்க் டெக்னீஷியனுக்குச் சம்பளம் கொடுப்பது அமைப்பதற்கு அல்ல, நின்றுபோனதை எழுப்புவதற்கு.

ஆறு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, ஒரு பழுது. பொருள் கெட்டுப்போகாத பழுதாக இருக்க வேண்டும்: கேட்வே (நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வழி) முகவரியில் ஓர் எண் மாறியிருக்கும், டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றித் தருவது) முகவரி தவறாக இருக்கும், சுவிட்ச் போர்ட் ஷட்டவுனில் இருக்கும், போர்ட் வேறு விலேனில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போய் உட்கார்ந்திருக்கும், இரண்டு கணினிக்கு ஒரே ஐபி இருக்கும், டிஹெச்சிபி (கணினிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும்) சேவை நின்றிருக்கும். மாணவருக்குக் கொடுக்கும் சீட்டில் பழுதின் பெயர் இருக்காது, புகார்தான் இருக்கும். அதுவும் ஆபீஸில் ஒருவர் சொல்கிற மாதிரியே: "காலையிலருந்து நெட் வரலை, நேத்து நல்லாத்தான் இருந்துச்சு." 20 நிமிடம். கையில் ஒரு தாள், நான்கு கட்டம்: என்ன பார்த்தேன், என்ன சந்தேகம், எப்படிச் சோதித்தேன், என்ன வந்தது.

மதிப்பெண் பத்து. தேடிய முறைக்கு ஆறு, பழுதைச் சரிசெய்ததற்கு இரண்டு, சரியானதா என்று திரும்பச் சோதித்ததற்கு ஒன்று, எழுதி வைத்ததற்கு ஒன்று. இந்தப் பங்கீட்டை எந்தப் பயிற்றுநரிடம் காட்டினாலும் சண்டைக்கு வருவார்கள். வேலை முடிந்ததற்கு இரண்டுதானா என்பார்கள். ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

டிஎன்எஸ் மேசை. பையன் உட்கார்ந்தான். ரீஸ்டார்ட் போட்டான். கேபிளைக் கழற்றி மாட்டினான். திரும்பவும் ரீஸ்டார்ட். அடாப்டர் அமைப்பைத் திறந்து, எழுதியிருந்த எல்லாவற்றையும் அழித்து, தானாகவே எடுத்துக்கொள் என்று மாற்றினான். வலைத்தளம் திறந்துவிட்டது. ஆறே நிமிடம். என்ன பழுது என்று கேட்டேன். "செட்டிங்ஸ் ப்ராப்ளம் சார்."

அடுத்த சுற்றில் அதே மேசைக்கு ஒரு பெண் வந்தாள். முதலில் ஐபிகான்ஃபிக் ஆல் (கணினியின் நெட்வொர்க் விவரங்களைக் காட்டும் கட்டளை). ஐபி இருக்கிறது, 169.254இல் தொடங்கவில்லை, அப்படியானால் முகவரி கிடைக்காத பிரச்சினை இல்லை என்று தாளில் எழுதினாள். கேட்வேக்கு பிங், போகிறது. வெளியே இணையத்தில் இருக்கும் 8.8.8.8க்கு பிங், அதுவும் போகிறது. தளத்தின் பெயரைப் போட்டு பிங், போகவில்லை. ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சந்தேகக் கட்டத்தில் "பெயர் ஐபியாக மாறவில்லை" என்று எழுதினாள். டிஎன்எஸ் முகவரியை எங்கே மாற்றுவது என்று தேடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பையனுக்கு நான் போட்டது நான்கு, பெண்ணுக்கு ஏழு. அவனுக்கு நாளை நிலையான ஐபி வைத்த ஒரு சர்வரைக் கொடுத்தால் அதையும் அழித்துவிட்டு வருவான். அவளுக்குத் தெரியாதது எந்த விண்டோவைத் திறப்பது என்பது மட்டும்.

சில நடைமுறைக் குறிப்புகள். முதல் சுற்று முடித்து வெளியே போகிறவர் வராந்தாவில் நிற்பவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், அதைத் தடுக்க முடியாது. சுற்றுக்குச் சுற்று பழுதுகளை மேசை மாற்றி வையுங்கள், புகார்ச் சீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம் இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மேசையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு முறை பழுதைத் திரும்ப வைக்க மறந்துவிட்டேன். அந்த மேசைக்கு வந்த பையன் பத்து நிமிடம் வியர்த்துவிட்டு, "எல்லாமே நல்லாத்தான் இருக்கு சார்" என்று பயந்துகொண்டே சொன்னான். முழு மதிப்பெண் போட்டேன். இப்போது வேண்டுமென்றே ஒரு மேசையைப் பழுதில்லாமல் வைக்கிறேன்.

இன்னொன்று, தனியாக மதிப்பிடாதீர்கள், தொடக்கத்திலாவது. சக பயிற்றுநர் ஒருவரைக் கூப்பிட்டு, முதல் மூன்று மாணவர்களை இருவரும் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போட்டு, பிறகு தாளைத் திருப்பிக் காட்டுங்கள். நான் முதல் தடவை செய்தபோது ஒரே மாணவருக்கு நான் ஒன்பது, அவர் ஐந்து. "முறையாகத் தேடினார்" என்று நான் எழுதி வைத்திருந்த வரிக்கு ஆளுக்கொரு அர்த்தம். அதை "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார், மாற்றியதும் சோதித்தார்" என்று திருத்தி எழுதிய பிறகுதான் எண்கள் பக்கத்தில் வந்தன.

பேக்கெட் ட்ரேசர்

ரவுட்டர் வாங்கப் பணம் இல்லாத லேபுக்கு, நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் சிஸ்கோவின் இந்த மென்பொருள் பெரிய வரம். பயிற்சியைத் தயாரித்துக் கொடுத்தால் எத்தனை சதவீதம் முடித்தார் என்று அதுவே காட்டும். ஆனால் அந்தச் சதவீதத்தை அப்படியே ரெஜிஸ்டரில் ஏற்றாதீர்கள். ஃபைல் பென் டிரைவில் ஊர் சுற்றி வரும். முடித்தவரிடம் போய், ஒரு முகவரியை நீங்களே மாற்றிவிட்டு, இப்போது ஏன் போகவில்லை என்று கேளுங்கள். சொந்தமாகச் செய்தவர் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுவார். அப்புறம், அதில் தளர்ந்த கனெக்டர் கிடையாது, எலி கடித்த கேபிள் கிடையாது. அதற்கு லேப்தான்.

கேள்வியையும் சோதியுங்கள்

எழுத்துத் தேர்வு முடிந்ததும் 24 தாளையும் மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். மேலே ஆறு, கீழே ஆறு எடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் மேல் ஆறில் எத்தனை பேர் சரி, கீழ் ஆறில் எத்தனை பேர் சரி என்று பார்த்து, வித்தியாசத்தை ஆறால் வகுங்கள். நல்ல கேள்வியாக இருந்தால் விடை 0.3க்கு மேல் வரும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கேள்வியில் ஏதோ கோளாறு.

எனக்கு அப்படி ஒன்று வந்தது. "24 போர்ட் சுவிட்சில் எத்தனை பிராட்காஸ்ட் டொமைன்?" ஒரு கணினி எல்லோருக்கும் அனுப்பும் செய்தி எதுவரை போகுமோ அதுதான் பிராட்காஸ்ட் டொமைன். என் விடை, ஒன்று. மேல் ஆறில் இரண்டு பேர் சரி, கீழ் ஆறில் ஐந்து பேர் சரி. மைனஸ் 0.5. நன்றாகப் படிக்கிற நால்வரும் "சொல்ல முடியாது" என்ற விடையைத் தேர்ந்திருந்தார்கள். கூப்பிட்டுக் கேட்டால், "விலேன் போட்டிருந்தா சார்?" என்கிறார்கள். விலேன் பாடத்தை முந்தின வாரம் நானேதான் நடத்தினேன். நால்வருக்கும் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்து, கேள்வியில் "விலேன் எதுவும் அமைக்காத" என்று சேர்த்தேன்.

வாய்மொழித் தேர்வு

தமிழில் கேளுங்கள், தமிழில் சொல்ல விடுங்கள். "டிஃபைன் கேட்வே" என்று கேட்டால் மனப்பாடம் வரும், அல்லது மௌனம் வரும். "உங்க தெருவுல இருந்து வெளியூர் போகணும்னா எந்த வழியாப் போவே, அது மாதிரி இந்தக் கம்ப்யூட்டருக்கு எது?" என்று கேட்டால் தெரிந்தவர் பேசிவிடுவார். ஆங்கிலம் வராததற்கு மதிப்பெண் குறைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. நெட்வொர்க் தெரியுமா என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம். வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்றால் அதற்குத் தனி வகுப்பு எடுங்கள்.

பதிவேடு

24 வரிசை, ஒன்பது பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் திறனுக்கான மதிப்பெண். மொத்தத்தைக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். மொத்தம் 72 என்ற எண், ஒருவருக்கு ரவுட்டர் சுத்தமாகத் தெரியாது என்பதை மறைத்துவிடும். கட்டத்தில் 35 என்று இருந்தால் மறைக்க முடியாது. வருகைப்பதிவையும் நேரம் தவறாமையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறார்கள், எடுங்கள், ஆனால் தனிப் பத்தியில். தினமும் வருகிற நல்ல பிள்ளை என்பதற்காக சுவிட்ச் கட்டத்தில் ஐந்து மதிப்பெண் கூட்டினால், அவருக்கு நல்லது செய்ததாக ஆகாது.

செய்த வேலைகள், தினக்குறிப்பு, விடைத்தாள், பழுதுத் தாள் எல்லாவற்றையும் அடுத்த தேர்வு முடியும்வரை வைத்திருக்க வேண்டும். சரிபார்க்க வந்தால் கேட்பார்கள். கடைசி வாரத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் 80, 82, 84 என்று ஒரே மையில் எழுதி நிரப்பிய பதிவேட்டை நான் ஓரிடத்தில் பார்த்திருக்கிறேன். பேனா மாறவே இல்லை, மையின் அழுத்தம்கூட மாறவில்லை. வாரத்துக்கு ஒரு பத்தி என்று அன்றன்றே எழுதினால் பத்து நிமிட வேலைதான்.

மாதத்துக்கு ஒரு முறை பத்தியை மேலிருந்து கீழாகப் படியுங்கள். வரிசை வரிசையாகப் படித்தால் யார் பின்தங்கியவர் என்று தெரியும். பத்தியாகப் படித்தால் நீங்கள் எதைச் சரியாக நடத்தவில்லை என்று தெரியும். பாதிப் பேருக்கு மேல் 60ஐத் தொடாத பத்தியை மறுபடி நடத்தி, எண்களை மாற்றி மறுதேர்வு வைப்பேன். பழைய மதிப்பெண்ணை அடித்துவிட்டுப் புதியதைப் போடுவேன். ஆகஸ்டில் தெரியாதது நவம்பரில் தெரிந்திருந்தால், நவம்பர்தான் கணக்கு.

வெளியே போனவர்களைக் கேளுங்கள்

அப்ரண்டிஸாகவோ வேலைக்கோ போன மூன்றாவது மாதத்தில் பழைய மாணவர்களுக்கு ஒரு போன் போடுவேன். ஒரே கேள்வி: "போன இடத்துல எது தெரியாம முழிச்சே?" ஒருவன் சொன்னான்: "கிரிம்பிங், ஐபி எல்லாம் ஓகே சார். ரேக்கைத் திறந்தா நூறு கேபிள் தொங்குது. எது எங்க போகுதுன்னு ஒரு லேபிளும் இல்லை. சூப்பர்வைசர் லேபிள் போடுன்னு சொன்னாரு. என்னன்னு எழுதுறதுன்னு தெரியலை."

அந்த வருடம்வரை என் மதிப்பெண் தாளில் லேபிள் என்ற சொல்லே இல்லை. இப்போது கேபிள் பத்தியில் பத்துக்கு இரண்டு அதற்கு. இரண்டு முனையிலும் லேபிள், பேட்ச் பேனல் போர்ட் எண்ணும் ஐஓ பாக்ஸ் எண்ணும் அதில் இருக்க வேண்டும், ஏணிமேல் நின்று படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.